கண்ணில் ஒற்றும் கும்பல்

எங்கள் கல்லூரியில் இனப் பதற்றம் இருக்கிறதென்று ஒரு புதன்கிழமை மத்தியானம்தான் தெரியவந்தது. அதுவரை நாங்கள் அது இல்லாமலே படித்துக்கொண்டிருந்தோம்.

மொன்றியலில் பள்ளிக்கூடத்துக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நடுவில் சீஜெப் என்றொரு கல்லூரி உண்டு. எங்கள் சீஜெப்பின் உணவுச்சாலையில் அன்று வில்நேர் என்ற ஹெயிட்டிப் பையன் பூட்டீன் தட்டோடு வழுக்கிவிட்டான். உருளைக்கிழங்குப் பொரியலுக்கு மேல் ஊற்றியிருந்த குழம்பு, அந்தோனி என்ற இத்தாலியப் பையனின் வெள்ளைச் சப்பாத்தில் கொட்டியது. அந்தோனி ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். வில்நேர் அதைவிட நல்லதாக ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். பிறகு இரண்டு பேரும் குந்தியிருந்து சப்பாத்தைத் துடைத்தார்கள். அடுத்த நாள் அவர்கள் சேர்ந்து மேசைப்பந்து விளையாடியதை நான் கண்டேன். ஆனால் அதற்குள் நல்லிணக்கக் குழு அமைக்கப்பட்டுவிட்டது.

குழுவின் தலைவி மடாம் திபோடோ. மாணவர் வாழ்வுப் பிரிவின் இயக்குநர். அவர் எங்களை மண்டபத்தில் கூட்டி வைத்துப் பேசினார்.

"இந்தக் கல்லூரியில் இனப் பதற்றம் கிடையாது. அதை முற்றாக ஒழிக்கும் முதல் கல்லூரியும் நம்முடையதாகவே இருக்கும். அதற்கென்று நமக்கு நிதி கிடைத்திருக்கிறது. கிடைத்த நிதியைத் திருப்பி அனுப்பும் வழக்கம் நமக்கு இல்லை. ஆகவே நாம் ஒரு திரைப்படம் எடுக்கிறோம்."

படத்தின் பெயர் 'ஒரே மேசை'. கல்லூரி வளாகத்தில் இனங்கள் மோதிக்கொள்வதையும் கடைசியில் எல்லோரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுவதையும் காட்டும் படம். மோதுவதற்கு இனங்கள் வேண்டுமென்பதால் குழு முதலில் உணவுச்சாலையை ஆராய்ந்தது. எந்த மேசையில் யார் இருக்கிறார்கள் என்று மாடியில் நின்று படம் எடுத்தார்கள். ஹெயிட்டி மேசை, இத்தாலி மேசை, லெபனான் மேசை எல்லாம் கண்டுபிடிக்கப்பட்டன.

நான் குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மேசையில் தனியாக இருந்து சாப்பிடுவேன். அங்கே ஒருவரும் வந்து கதைக்கமாட்டார்கள் என்பதுதான் காரணம். கதைத்தால் எனக்கு வியர்க்கும். குழுவின் அறிக்கையில் என் மேசையைப் பற்றி இப்படி எழுதியிருந்தார்கள்: "இக்கல்லூரியின் தமிழர் பிற சமூகங்களோடு கலப்பதில்லை. தங்களுக்குள் மட்டுமே இறுக்கமாகச் சேர்ந்திருக்கின்றனர்."

அந்தக் கல்லூரியில் தமிழர் என்றால் நான் மட்டும்தான்.

மடாம் திபோடோ என்னைக் கூப்பிட்டார். படத்தில் தமிழர் குழுவின் கோபக்காரப் பெண்ணாக நடிக்க வேண்டும் என்றார். எனக்குக் கோபம் வராது மடாம் என்றேன்.

"யாரையும் நாங்கள் வற்புறுத்துவதில்லை, செலீன். விரும்பியவர்கள் மட்டும் வரலாம். விரும்பாதவர்களின் பெயரை நல்லிணக்கத்துக்கு ஒத்துழைக்காதவர்கள் என்று எழுதி வைப்போம், அவ்வளவுதான்."

எழுதி வைப்போம் என்ற சொல்லுக்குத்தான் நான் பயந்தேன். அதற்குக் காரணம் அம்மா.

அப்பாவும் நானும் தப்பி வந்தபோது தம்பி கைக்குழந்தை. அவனைக் கடலில் கொண்டுவரப் பயந்து அம்மா மன்னாரில் நின்றுவிட்டார். ஆறு வருடம் ஓடிவிட்டது. இலங்கையில் அப்போது சமாதான காலம். அப்பா அம்மாவையும் தம்பியையும் கூப்பிடுவதற்கு விண்ணப்பித்து, கொழும்பில் நேர்முகமும் முடிந்து, முடிவுக்காகக் காத்திருந்தோம். இங்கே ரொக்ஸ்பரோவில் ஒரு குடும்பத்துக்கு, மகன் யாரோடோ சண்டை பிடித்துப் பொலிஸில் பெயர் பதிந்ததால், கூப்பிட்ட அலுவல் எல்லாம் நின்றுபோனதாக மாதா கோயிலில் கதை. அது உண்மையோ தெரியாது. அப்பா அதை நற்செய்தி வாசகத்துக்குச் சமமாக நம்பினார்.

அவர் புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் வேலை. அன்று வந்து சாப்பிட இருந்தபோது சொன்னேன்.

"அப்பா, என்னைப் படத்திலை நடிக்கச் சொல்லினம்."

"என்ன படம்?"

"சண்டைப் படம். ஒரு ஹெயிட்டிப் பெடியனை நான் ஏசிப் பேசோணும்."

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "நீயோ? பஸ் மணியை அடிக்கப் பயந்து ரெண்டு தரிப்பு தள்ளிப் போய் இறங்கிறனி."

"மாட்டன் எண்டால் ஒத்துழைக்கேல்லை எண்டு எழுதுவினமாம்."

"எழுதுவினமோ?" அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப போய் நல்லாப் பேசிப்போட்டு வா பிள்ளை. கொம்மாவின்ரை அலுவல் முடியுமட்டும் ஒருத்தரும் எங்களைப் பற்றி ஒண்டும் எழுதக்கூடாது. நல்லதும் எழுதக்கூடாது."

படப்பிடிப்பு, மாணவர் பை வைத்துப் பூட்டும் பெட்டிகள் வரிசையாக இருக்கும் நடைபாதையில் நடந்தது. இயக்குநர் மிஸ்யே கொலோம், நாடகப் பாடத்தின் ஆசிரியர். காட்சி இதுதான்: நான் நடந்து வருவேன். வில்நேரின் பையை உதைப்பேன். புத்தகங்கள் கொட்டும். ஒரு புத்தகத்தின் மேல் ஏறி நின்று, "நீ வந்த இடத்துக்கே திரும்பிப் போ" என்று கத்துவேன்.

"வந்த இடமென்றால் இதே நகரத்து லஷீன்தான். நான் பிறந்தது அங்கே," என்றான் வில்நேர். "கொஞ்சம் கெதியாகக் கத்து. ஆறு மணிக்குப் பிறகு பஸ் குறைவு."

"அவனைப் பார்த்துச் சிரிக்காதே, செலீன்," என்றார் மிஸ்யே கொலோம். "நீ இவனை வெறுக்கிறாய்."

"ஏன் மிஸ்யே?"

"காரணம் இல்லை. அதுதான் படத்தின் செய்தி."

நான் உதைத்தேன். புத்தகம் விழுந்தது. ஏறி நின்றேன். கத்தினேன். மிஸ்யே கொலோம், "வெட்டு," என்றார்.

"கடைசியில் கையால் என்ன செய்தாய்?"

"ஒன்றும் செய்யவில்லை, மிஸ்யே."

"குனிந்தாய். புத்தகத்தைத் தொட்டாய். கையைக் கண்ணில் வைத்தாய்."

எனக்கு நினைவில்லை. ஆனால் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றுவதை யார் நினைத்துச் செய்கிறார்கள்? திரும்ப எடுத்தோம். திரும்பவும் கை போனது. அடுத்த முறை, கையைத் தடுக்க வேண்டும் என்ற யோசனையில் நான் வில்நேரின் காலையும் மிதித்துவிட்டேன். அவன் முழங்காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினேன். அப்படிச் செய்துவிட்டேனே என்று பயந்ததில் நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை போட்டேன்.

"நீ என்னைத் திட்டுகிறாயா, கும்பிடுகிறாயா?" என்று வில்நேர் கேட்டான். "ஒன்றைத் தீர்மானித்துச் சொல்லு. அதன்படி நான் முகத்தை வைக்கிறேன்."

அவன் பகிடிக்குத்தான் சொன்னான். ஆனால் படச்சுருளைப் பார்வையிட்டவர் பகிடி தெரியாதவர். கல்லூரியின் பாதுகாப்பு ஆலோசகர் மிஸ்யே றவாறி. பொலிஸில் இருந்து ஓய்வு பெற்றவர். தெருக்கும்பல்களைப் பற்றி விரிவுரை செய்பவர். அவருடைய அறைக்கு என்னைக் கூப்பிட்டபோது, தொலைக்காட்சியில் நான் கையைக் கண்ணில் வைத்தபடி உறைந்து நின்றேன். திரையில் பார்க்கையில் எனக்கே என்னைப் பார்க்கப் பயமாக இருந்தது.

"புத்தகம். கண். நெற்றி. நெஞ்சு. இரண்டு தோள்," என்று அவர் ஒவ்வொன்றாகப் பேனாவால் காட்டினார். "இந்த நகரத்துக் கும்பல்களின் கைச்சைகை எல்லாம் எனக்குத் தெரியும். இதை நான் ஒருபோதும் கண்டதில்லை. இவ்வளவு காலமும் என் கண்ணில் படவில்லை என்றால், இது எவ்வளவு கட்டுப்பாடான கும்பலாக இருக்க வேண்டும்?"

"அது பழக்கம், மிஸ்யே."

"பழக்கியது யார்?"

"அம்மா."

"அம்மா எங்கே?"

"மன்னாரில். இலங்கையில். இங்கே வருவதற்குக் காத்திருக்கிறார்."

அவர் எழுதினார். எழுத்து பெரிதாக இருந்ததால் தலைகீழாகவே வாசிக்க முடிந்தது: "தலைமை வெளிநாட்டில். கனடாவுக்குள் வர முயற்சி."

"அப்படி எழுதாதீர்கள், மிஸ்யே," என்று சொல்ல நினைத்தேன். வாய் திறக்கவில்லை.

"மௌனம்," என்றார் மிஸ்யே றவாறி. அதையும் எழுதினார்.

அந்த வாரம் அவர் கல்லூரியின் பாதுகாப்புக் கமராப் பதிவுகளை எல்லாம் பார்த்தார். நூலகத்தில் ஒரு குஜராத்திப் பெண், தவறி விழுந்த அகராதியைத் தொட்டுக் கண்ணில் வைத்திருந்தாள். உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு நேபாளப் பையன், இன்னொருவனின் காலில் தட்டுப்பட்டு அதையே செய்திருந்தான். அவர்களை எனக்குத் தெரியாது. அவர்களுக்கும் என்னைத் தெரியாது. "ஒருவரை ஒருவர் தெரியாதது போலவே நடந்துகொள்கிறார்கள். இது மிக உயர்ந்த பயிற்சி," என்று அறிக்கை சொன்னது. அவர்கள் கிளைகளாகப் பதியப்பட்டார்கள்.

பிறகு விசாரணை. தமிழர் பண்பாட்டை விளக்குவதற்கென்று பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் மகிழன் என்பவரை வரவழைத்தார்கள். கோயம்புத்தூர்க்காரர். பாலங்களின் அதிர்வைப் பற்றி ஆராய்பவர். தமிழ் பேசுவதால் போதும் என்று சொல்லிவிட்டார்களாம். நடைபாதையில் என் பக்கத்தில் வந்து இருந்தார்.

"நீங்கதான் செலீனா? பயப்படாதீங்க. ரெண்டு நிமிஷத்துல சொல்லிப் புரிய வச்சிடுறேன்."

"வடிவாச் சொல்லுங்கோ அண்ணை. அவை எழுதினதை வெளியாலை அனுப்பினால் அம்மா வரேலாது."

"அனுப்ப மாட்டாங்கம்மா. படிச்சவங்கதானே."

உள்ளே நீண்ட மேசை. மடாம் திபோடோ நடுவில், மிஸ்யே றவாறி ஓரத்தில். அவருடைய தோல் பை தரையில்.

மகிழன் அண்ணை எழுந்து நின்று நன்றாகத்தான் தொடங்கினார். புத்தகம் அறிவு. காலால் மிதிப்பது அவமரியாதை. தெரியாமல் மிதித்தால் தொட்டுக் கண்ணில் ஒற்றி மன்னிப்புக் கேட்கிறோம்.

"கேட்கிறோம் என்றால்? இதை எத்தனை பேர் செய்கிறீர்கள்?" என்று மிஸ்யே றவாறி கேட்டார்.

"எல்லோரும் செய்கிறோம். கோடிக்கணக்கான பேர்."

மிஸ்யே றவாறியின் முகம் வெளுத்தது. கோடி என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டார்.

"இல்லை மிஸ்யே, நீங்கள் தவறாகப் புரிந்துகொள்கிறீர்கள்," என்று மகிழன் அண்ணை ஒரு அடி முன்னால் வைத்தார். அவருடைய சப்பாத்து மிஸ்யே றவாறியின் தோல் பையில் இடித்தது.

ஒரு கணம்தான். நான் கண்ணால் அவரைக் கெஞ்சினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து, பையைத் தொட்டு, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தார்.

மிஸ்யே றவாறி கதிரையோடு பின்னால் நகர்ந்தார். மடாம் திபோடோ மேசைக்கு அடியில் எதையோ அழுத்தினார். காவலாளி இருவர் வந்து கதவடியில் நின்றார்கள். மகிழன் அண்ணை தன் கையையே பார்த்தார், அது வேறு யாருடையதோ என்பதுபோல. பிறகு என் பக்கம் திரும்பிச் சன்னமான குரலில் சொன்னார்.

"எனக்கு ஸ்டூடன்ட் விசாங்க."

அதற்குப் பிறகு அவரோடு நான் கதைக்கவில்லை. கோட்-டே-நேஜ் மெட்ரோவில் ஒருமுறை தூரத்தில் கண்டேன். என்னைக் கண்டதும் மற்றப் பெட்டியில் ஏறினார்.

காவலாளிகள் அவரைக் கூட்டிப்போன பிறகு மடாம் திபோடோ என்னைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"நாங்கள் ஒருவருடைய பண்பாட்டையும் தடுப்பதில்லை, செலீன். அதைச் செய்யாமல் இருக்க உன்னால் முடியுமா என்று மட்டும் பார்க்க விரும்புகிறோம். திங்கட்கிழமை அந்தக் காட்சியைத் திரும்ப எடுப்போம். கை போகாவிட்டால் அது வெறும் பழக்கம், உன்னைப் பற்றிய அறிக்கைக் கோவையை மூடிவிடுவோம். கை போனால் அது கட்டளை. கோவையின் பிரதி குடிவரவுப் பிரிவுக்குப் போகும். நாங்களாக அனுப்புவதில்லை. நடைமுறை அனுப்பும்."

சனிக்கிழமை முழுக்க எங்கள் வீட்டில் ஒத்திகை. நோத்ர-டாம்-த-கிரேஸில் நிலக்கீழ் வீடு. தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் யன்னலில் தெரியும். அப்பா தமிழர் வர்த்தகக் கையேட்டை எடுத்து நிலத்தில் வைத்தார். விளம்பரங்கள் நிறைந்த தடித்த புத்தகம்.

"ஏறு."

ஏறினேன். கை போனது.

"கையைப் பின்னாலை கட்டு. ஏறு."

கையைப் பின்னால் கட்டி ஏறினேன். உடம்பு தானாக வளைந்தது. மூக்கு முழங்காலில் முட்டியது.

"உது வெறும் விளம்பரப் புத்தகம், பிள்ளை. உதிலை முழுக்கக் காணி தரகரும் கலியாண மண்டபமும்தான்."

"தெரியும் அப்பா."

"அப்ப ஏன் வளையிறாய்?"

"தெரியேல்லை அப்பா."

மத்தியானம் வரை ஏறி இறங்கினேன். ஒருமுறை கை போகவில்லை. அப்பாடா என்று நிமிர்ந்தபோது, அப்பா குனிந்து கையேட்டைத் தொட்டுத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதைக் கண்டதும் கையை எடுத்து மீசையைத் தடவினார்.

"நான் தானே ஒற்றினனான். நீ ஒற்றேல்லை. ஏறு."

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் நான் ஏறினேன், அவர் ஒற்றினார். எனக்குப் பதிலாக ஒருவர் செய்கிறார் என்று தெரிந்ததும் என் கை மெல்ல மெல்ல அடங்கியது.

அந்த நேரம் பார்த்து அம்மா மன்னாரிலிருந்து எடுத்தார். அப்பா தொலைபேசியை என் காதில் வைத்தார்.

"என்ன சத்தம் அங்கை, தொம் தொம் எண்டு?"

"புத்தகத்திலை ஏறி மிதிக்கிறன், அம்மா."

"ஏனடி?"

"உங்களைக் கூப்பிடத்தான்."

"பாத்து மிதி பிள்ளை. கிழிச்சுப்போடாதை," என்றார் அம்மா.

திங்கட்கிழமை மிஸ்யே றவாறி கமராவுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார். மடாம் திபோடோ கையில் கோவை. நான் நடந்து வந்தேன். பையை உதைத்தேன். புத்தகம் விழுந்தது, வேதியியல், வில்நேரின் சொந்தப் புத்தகம், உள்ளே அவன் பென்சிலால் எழுதியிருந்தது தெரிந்தது. ஏறி நின்றேன். "நீ வந்த இடத்துக்கே திரும்பிப் போ," என்றேன். கை காற்சட்டைப் பைக்குள் இருந்தது. அது அசையவில்லை. எனக்குப் பதிலாக அப்பா குனிந்து ஒற்றுவார் என்று நினைத்துக்கொண்டேன். அங்கே அப்பா இல்லை.

"அற்புதம்," என்றார் மிஸ்யே கொலோம். மடாம் திபோடோ கோவையை மூடினார்.

வில்நேர் புத்தகத்தை எடுத்து, என் சப்பாத்தின் மண்ணைத் தட்டினான். பகிடி விடவில்லை.

"இந்த முறை நடிப்பது போல இருக்கவில்லை," என்றான்.

வசந்தத்தில் படத்தைத் திரையிட்டார்கள். கடைசிக் காட்சியில் எல்லோரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டார்கள். அந்த மேசைக்கு என்னைக் கூப்பிடவில்லை. நான் படத்தின் பிரச்சினை. தீர்வில் எனக்கு இடம் இல்லை என்று மிஸ்யே கொலோம் முன்பே விளக்கியிருந்தார். நான் கத்தும் காட்சியில் மண்டபம் மூச்சை அடக்கிக்கொண்டது. விளக்குப் போட்டதும் பலர் திரும்பி என்னைத் தேடினார்கள்.

அடுத்த நாள் ஹெயிட்டி மேசையைக் கடந்தபோது பேச்சு நின்றது. அதுவரை என்னை ஒருவருக்கும் தெரியாது. இப்போது எல்லோருக்கும் தெரிந்தது. என் பெட்டியில் யாரோ, "நீ வந்த இடத்துக்கே திரும்பிப் போ" என்று தடித்த மையால் எழுதினார்கள். அதை லெபனான்காரர் எழுதியதாக ஒரு கதை. அதற்காக ஒருவன் இன்னொருவனைத் தள்ளினான். இத்தாலி மேசைக்காரர் மேசையைச் சுவரோரமாக இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தோனியும் வில்நேரும் மேசைப்பந்து விளையாடுவதை நிறுத்தினார்கள். மாடியில் நின்று மடாம் திபோடோ படம் எடுத்தார்.

மண்டபத்தில் திரும்பவும் கூட்டம். மடாம் திபோடோ மேடையேறினார்.

"நாம் சொன்னது சரியென்று நிரூபணமாகிவிட்டது. நம் படம் இல்லாவிட்டால் இவ்வளவு பதற்றம் நம்மிடம் இருப்பது ஒருபோதும் வெளியே வந்திருக்காது. இரண்டாவது படத்துக்கும் நிதி கிடைத்திருக்கிறது."

இரண்டாவது படத்திலும் நான்தான் கோபக்காரி என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். அதை வாசித்துவிட்டு பஸ்ஸில் ஏறினேன். அதற்குப் பிறகு கல்லூரிக்குப் போகவில்லை. அப்பா ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவின் விசா வந்திருந்தது.

ஆவணியில் அவர்கள் வந்தார்கள். விமான நிலையத்தில் கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. கடைசியில் அம்மா வந்தார். நான் நினைத்து வைத்திருந்ததைவிடச் சின்னவராக. ஒரு கைப்பிடியில் தம்பி, மற்றக் கையில் தள்ளுவண்டி. என்னைக் கண்டதும் வண்டியை விட்டுவிட்டார். மேலே இருந்த பை சரிந்து விழுந்து வாய் திறந்தது. நான் ஓடினேன். காலுக்குக் கீழே ஏதோ நெளிந்தது.

அம்மாவின் செபப் புத்தகம். என் சப்பாத்து அதன் நடுவில் இருந்தது.

காலை எடுத்தேன். அம்மா சிரித்தபடி காத்திருந்தார். சின்னப் பிள்ளையாக இருந்தபோதும், நான் ஒற்றி முடிக்கும்வரை அப்படித்தான் காத்திருப்பார். காற்சட்டைப் பைக்குள் போயிருந்த என் கை வெளியே வரவில்லை. நான் மேலே பார்த்தேன். கூரையில் கறுப்பாக, கவிழ்த்த கோப்பை போல ஒரு கமரா.

அம்மாவின் சிரிப்பு மெல்லக் குறைந்தது. பிறகு அவரே குனிந்தார். எனக்காகப் புத்தகத்தைத் தொட்டார். கையைக் கண்ணுக்குக் கொண்டு போனார்.

நான் பாய்ந்து அந்தக் கையைப் பாதி வழியில் பிடித்தேன். இறுக்கிக் கீழே இழுத்தேன்.

"வேண்டாம் அம்மா. இங்கை வேண்டாம்."

ஆறு வருடத்துக்குப் பிறகு அம்மாவின் கையை நான் முதன்முதலாகப் பிடித்தது அப்படித்தான். "விடடி, நோகுது," என்றார் அம்மா. கமரா எங்கள் பக்கமாகத்தான் இருந்தது. நான் விடவில்லை.